பால் கிராணியார்

உழைத்துக் களைத்தவர்களை உலகம் எக்காலத்திலும் சர்வசாதாரணமாகவே பார்த்து வந்திருக்கிறது; ஆனால் வேலை என்று ஒன்றும் இல்லாதிருந்தும், விடியற்காலையில் எழுந்து, பிரயாசைப்பட்டு, தாமாகவே ஒரு களைப்பைச் சம்பாதித்துக்கொண்டு, அந்தக் களைப்பு தீர்வதற்குரிய உபசாரங்களையும் தாமே சாஸ்திரோக்தமாகச் செய்துகொள்ளும் புண்ணியவான்களைக் கண்டால் மட்டும் அதற்கு ஒரு தனி மரியாதை பிறந்துவிடுகிறது. அத்தகைய புண்ணியவான் இக்காலத்தில் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். எனினும், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அவரைக் காண்பதில் உள்ள ரசம் வேறெங்கும் கிடைப்பதற்கில்லை.

ஏனெனில், அந்த மலை உழைப்பினால் உண்டானது. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பிரதேசத்தைக் கண்டு குறித்துவிட்டுப் போனார். 1929-இல் ரஸ்ஸல் என்னும் துரை ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பெயர்கள் இவ்விருவருக்கும் வாய்த்தன. காட்டை வெட்டிச் சரிவைச் செதுக்கி, ஒரு நீராவி உருளையையும் சில கோவேறு கழுதைகளையும் துணையாகக்கொண்டு பாதை சமைத்த வேலை, பெயர் எழுதப்படாத தொழிலாளிகளுக்கு, அவர்களுள்ளும் பெரும்பாலும் நம் தமிழர்களுக்கு, வாய்த்தது. மாலையில் லயத்துக்குத் திரும்பிய அந்த மனிதர்களுள் எவரேனும், ‘தசைநார்கள் மீட்சி பெற வேண்டும், ஆகையால் பால் கொண்டு வா’ என்று கேட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. கிடைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஆஜராக எழுந்தார்கள்.

நமது கதாநாயகர் அந்த வம்சத்தின் பேரப்பிள்ளை. ஆயினும் அவர் மண்வெட்டியைத் தொட்டவரல்லர். தோட்டத்து ஆபீசில் பேனா பிடித்து, படிப்படியாகப் பெரிய கிராணியாகி, ஓய்வு பெற்றுப் பிரிஞ்சாங் ஊரில் வீடு கட்டிக்கொண்டவர். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் நாற்காலியை விட்டு நகராத அவர், ஓய்வு பெற்ற பிறகு, வைத்தியர் ஒருவர் சொன்ன ஒரே வார்த்தையின் பேரில், தேகாப்பியாசத்தைச் சந்நியாசம்போல மேற்கொண்டார். அதன் அங்கமாகப் பாலையும் மேற்கொண்டார். அங்கம் எது, அங்கி எது என்பதில் மட்டும் ஊராருக்கு அபிப்பிராய பேதம் உண்டு. அதனால்தான் அவருக்குப் ‘பால் கிராணியார்’ என்ற பெயர் நிலைத்தது.

அவருடைய புறப்பாடே ஒரு காட்சி. உள்ளே சாண்டோ பனியன்; அதன்மேல் கம்பளிச் சட்டை; அதன்மேல் மழைச்சட்டை; தலையில் குல்லாய்; கழுத்தில் துண்டு; காலில், நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கென்றே செய்த, விலை முன்னூறு வெள்ளிக்குக் குறையாத சப்பாத்து. ‘பிரிஞ்சாங் மலைக்குப் போய் வருகிறேன்’ என்று அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டு புறப்படுவார். பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டருக்கும் மேல். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளை ஒட்டி ஏறும் தார்ச் சாலை அந்த உச்சி வரையில் செல்வது உண்மை. அந்தச் சாலையின் திசையில் கிராணியார் நடப்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்து அவர் உச்சியை அடைந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது, கேட்பவருடைய குற்றமேயன்றி அவருடைய குற்றமாகாது.

அவர் வெகுதூரம் போகாமைக்குச் சாஸ்திரக் காரணம் ஒன்று உண்டு. தேகப்பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரதச் சத்து உள்ளே போயாக வேண்டும், தவறினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அந்த விதி அத்தனை கண்டிப்பானதன்று, சில மணி நேரம் பிந்தினாலும் பாதகமில்லை என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தளர்த்திவிட்டார்கள், கிராணியார் தளர்த்தவில்லை. பால் கிடைக்குமிடம் கடைவீதி ஒட்டுக்கடை. ஆகவே அக்கடையிலிருந்து அரை மணித் தூரத்துக்கு அப்பால் செல்வது விஞ்ஞான விரோதம் என்பது அவர் சித்தாந்தம். ‘பயிற்சி முடிவது கடைக்கு வந்து சேரும்போதுதானே? அரை மணியும் அங்கேதானே தொடங்கும்?’ என்று இளைஞன் ஒருவன் ஒரு நாள் ஆட்சேபித்தான். கிராணியார் அவனை இரக்கத்தோடு பார்த்து, திருப்பத்தில் திரும்பி நின்ற க்ஷணத்திலேயே பயிற்சி பூர்த்தியாகிவிடுகிறது என்றும், அதன் பிறகு இறக்கத்தில் நடப்பது முழுவதும் மீட்சியைச் சேர்ந்தது என்றும் விளக்கினார். இந்தக் கணக்கின்படி பயிற்சிக்குக் கால் மணியும், மீட்சிக்குக் காலை பத்தரை மணி வரையில் உள்ள பொழுதும் ஆகின்றன.

கடைக்குள் நுழைந்ததும், ‘தம்பி, பால் ஒன்னு போடு. டின் பாலைக் கலந்துடாதே, பசும்பால்!’ என்று உத்தரவு பிறக்கும். அந்த உத்தரவுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. பசும்பால் அருமையாக இருந்த மலாயாவில், தேத்தண்ணிக்கும் கோப்பிக்கும் பாலென்றால் தகரத்தில் அடைபட்ட சீனிப்பால்தான் என்று தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. தே தாரே என்னும் ஆற்றிய தேத்தண்ணியின் தித்திப்புக்கு மூலமும் அதுவே. அந்த டின் பாலில் வளர்ந்த கிராணியார்தான் இப்பொழுது அதைச் சத்துருவாகப் பாவித்து, ஆவி பறக்கும் பசும்பால் தம்ளரைக் கையில் ஏந்தியவாறு பிரசங்கத்தைத் தொடங்குகிறார்.

பிரசங்கத்தில் பிழை கிடையாது என்பதை நியாயத்துக்காக ஒப்புக்கொள்ள வேண்டும். இருநூற்றைம்பது மில்லி லிட்டர் பாலில் எட்டு கிராம் அளவுக்குப் புரதமும், பன்னிரண்டு கிராம் அளவுக்குப் பாற்சர்க்கரையும் இருக்கின்றன. அந்தப் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவாகச் செரிக்கும் கேசின், எஞ்சிய ஒரு பங்கு விரைந்து செரிக்கும் மோர்ப்புரதம். முன்னது நெடுநேரம் ஊட்ட, பின்னது உடனே ஊட்டுகிறது. வேர்வையில் போன நீரையும் உப்பையும்கூடப் பால் மீட்டுத் தருகிறது. அதில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்குமேல் நீரேயல்லவா? 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க இந்தியானா பல்கலைக்கழகத்தார் ஒன்பது சைக்கிள் வீரர்களை வைத்துச் சோதித்து, சாக்லேட் கலந்த பால், விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கப்படும் பானங்களுக்கு இளைத்ததன்று என்று வெளியிட்டார்கள். இவையெல்லாம் கிராணியாருக்கு மனப்பாடம். அந்த ஒன்பது பேரும், தசையில் சேமித்திருந்த சர்க்கரைச் சத்து தீருமட்டும் முதலில் மிதித்து, நான்கு மணி நேரம் இளைப்பாறி, பிறகு கால் ஓயும் வரையில் மறுபடியும் மிதித்தார்கள் என்ற சிறிய விவரத்தை மாத்திரம், காலதாமதத்தைக் கருதியோ என்னவோ, அவர் எடுத்துச் சொல்வதில்லை.

மைலோ கலந்த பாலை அவர் குடிக்கும் நாட்களில் பிரசங்கம் கிரேக்க தேசம் வரையில் செல்லும். 1934-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்பவர் ஆக்கிய அந்த மாவுக்கு, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஒலிம்பியாவில் ஆறு முறை வாகை சூடிய குரோட்டன் நகரத்து மல்லன் மைலோவின் பெயரைச் சூட்டினார்கள். அந்த மல்லன் ஒரு கன்றை நாள்தோறும் தோளில் தூக்கி, அது காளையான பிறகும் தூக்கினான் என்பது ஐதிகம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளுக்குப் பச்சை வண்டியில் வந்து வழங்கப்படும் குளிர்ந்த மைலோவுக்காகவே ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்த மலேசியப் பிள்ளைகள் எத்தனையோ பேர். கிராணியாரும் அந்தப் பரம்பரைதான். மல்லன் மாட்டைச் சுமந்தான். இவர் அதன் பாலைச் சுமக்கிறார்.

சீடர்களும் அவருக்கு வாய்க்காமற் போகவில்லை. வளர்ந்த ஆசியர்களுள் மிகப் பலருக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் சக்தி சிறு பிராயத்தோடு குறைந்துவிடுகிறது என்பதை அறியாமல், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், குருவின் வாக்கை நம்பி, வெறும் வயிற்றில் இரண்டு தம்ளர் பாலைப் பருகினார். கடையிலிருந்து தம் வீட்டுக்கு அன்று அவர் சென்ற வேகம், இவ்வட்டாரத்துத் தேகாப்பியாச வரலாற்றில் இதுகாறும் மிஞ்சப்படவில்லை.

கிராணியாரிடம் கணக்குப் புத்தகம் ஒன்றும் உண்டு. ஒரு பக்கத்தில் நடை, மறு பக்கத்தில் பால், கடைசிப் பத்தியில் உடம்பின் எடை. மெதுவாக நடக்கும் கால் மணிக்கு ஐம்பது அறுபது கலோரி செலவானால், கொழுப்பு நீக்காத ஒரு தம்ளர் பாலில் நூற்றைம்பதுக்குமேல் வரவாகிறதே, உடம்பு எப்படி இளைக்கும் என்று கேட்பவர்களுக்கு, அவர் தராசையே பதிலாகக் காட்டுவார். தராசு விஷயத்தில் அவரை வெல்ல யாராலும் முடியாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலும் நாற்காலி போட்டு அத்தனை ஆண்டுகள் உட்கார்ந்தவர் அவர். கூடைக்கு இவ்வளவு, இலையின் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியைப் பேரேட்டில் பதிந்த அதே கை, இப்பொழுது சப்பாத்துக்கு இவ்வளவு, கம்பளிச் சட்டைக்கு இவ்வளவு, மழைச்சட்டைக்கு இவ்வளவு என்று தாராளமாகக் கழித்துக்கொண்டு தம் எடையைப் பதிகிறது.

கத்தரியும் இயந்திரமும் கொழுந்தெடுக்க வந்து, வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் அந்த வேலைக்கு வந்துவிட்ட பிற்பாடு, பழைய கொழுந்துக்காரிகள் சந்தைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டி, மேட்டுக் கொல்லையிலிருந்து கோசுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, கடைவாசலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிய வேளையில், கிராணியார் உள்ளே சபையைப் பார்த்து, ‘இந்த மாசம் ஒரு கிலோ குறைஞ்சிருக்கு’ என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

‘கழிவுக்கு முன்னாலயா, கழிச்சதுக்கு அப்புறமா கிராணியாரே?’ என்று கேட்டாள் அவள்.

சபை சிரித்தது. கிராணியாரும், கனவான் ஆதலால், சிரித்தார். ‘உட்காரு ஆயா, நீயும் ஒரு பால் குடி, என் கணக்கு. நடந்து வந்த களைப்புக்கு நல்லது’ என்றார்.

‘எனக்கு எதுக்குங்க பாலு? நான் எங்க நடந்தேன்? கோசு தூக்கிட்டுத்தானே வந்தேன்’ என்று சொல்லிவிட்டு, டின் பால் தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி ஒன்றை வாங்கி நின்றபடியே குடித்து, காசைக் கொடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் சந்தைக்குப் போய்விட்டாள்.

ஒரு காசு பிசகாமல் பேரேடு எழுதிய மனிதருக்கு, அவர் ஓதிய விஞ்ஞானத்தின்படியே அந்தப் பால் அன்றைக்கு யார் பெயரில் பற்று எழுதப்பட வேண்டியது என்பது தெரியாமற் போயிருக்காது. வேறு யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்குவதற்குள், தம்ளரில் மீதியிருந்ததை ஒரே மடக்கில் குடித்து முடித்து, ‘அரை மணி ஆகப்போகிறது’ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்னொரு தம்ளருக்கு உத்தரவிட்டார்.