சென்னைச் சிறு காரின் குளிர்காலப் பிடிமானம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கபாலீசுவரர் கோயில் கடற்கரையிலிருந்து எப்போது இடம்பெயர்ந்தது என்று கட்சி கட்டி வாதிடும் மயிலாப்பூர், ஒரு கேள்வியை மட்டும் இதுவரை தொடவில்லை. ஆல்டோவுக்குக் குளிர்கால டயர் வேண்டுமா, வேண்டாமா? அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் காரை எடுத்தால் சட்டப்படி குற்றம். மான்ட்ரியாலில் இருக்கும் மகன் டயர் மாற்ற முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் அதே வாரத்தில், அடையாற்றில் இருக்கும் அப்பா அலமாரியிலிருந்து குரங்குக் குல்லாயை எடுக்கிறார். இருவருக்கும் அது குளிர்காலம்தான். ஆனால் ரப்பரின் கருத்து வேறு. வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரண டயர் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும், அந்தக் குளிரிலும் இளகி இருப்பதற்கென்று செய்யப்பட்டதே குளிர்கால டயர். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் 1905 ஜனவரியில். ஆக, டயரின் பார்வையில் சென்னைக்கு இன்னும் குளிர்காலமே வரவில்லை. சபா வாசலில் மஃப்ளர் சுற்றி நிற்கும் மாமாக்கள் இந்த முடிவை ஏற்க மாட்டார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியும்.

வரலாற்றுச் சான்றும் இதையே சொல்கிறது. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934இல் பனிச்சாலைக்கென்றே லாரி டயர் செய்தது. சென்னையின் டயர் மரபோ 1946இல், திருவொற்றியூரில், மாம்மன் மாப்பிள்ளையின் பொம்மை பலூன் பட்டறையில் தொடங்குகிறது. எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்த அந்தப் பட்டறை 1961இல்தான் டயருக்கு வந்தது. உறைபனியோடு போராடியவர்கள் ஒரு பக்கம், பிறந்தநாள் விழாவிலிருந்து வந்தவர்கள் மறுபக்கம்!

அப்படியானால் இங்கே டயருக்கு எதிரி யார்? ஐப்பசி, கார்த்திகை மழை. ஈரச் சாலையில் வேகமாகப் போகும்போது தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து காரையே தூக்கிவிடும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் திருப்பாமல் விடுவதும் ஒன்றுதான். இது எந்த வேகத்தில் நிகழும் என்பதற்கு நாசாவின் வால்டர் ஹார்ன் 1963இல் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் தந்தார். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று உள்ள டயருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர் வருகிறது. மழைநாள் மாலையில் உஸ்மான் சாலையில் 91 கிலோமீட்டர் வேகத்தை எட்டியவர் எவரும் இருந்தால் அவரையே தனியாக ஆய்வு செய்ய வேண்டும். தி. நகர்வாசிகளுக்கு இந்த ஆபத்து இல்லை. நெரிசல் காக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ பழைய மகாபலிபுரம் சாலைக்கோ போகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே காப்பது டயரின் பட்டன் மட்டுமே. புது டயரில் அதன் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தபோதே ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளத் தொடங்கிவிடும். பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடு, பட்டனின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் மொட்டை என்று அர்த்தம். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கத்தையும் பார்க்க வேண்டும்: 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ‘செம ஆஃபர் சார்’ என்று கடைக்காரர் குழையும்போது இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குப் போய் அழகுக்காக அகல டயர் மாட்டும் இளைஞர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. தண்ணீரைக் கிழித்துப் போவதில் ஒல்லி டயரே கெட்டி. ஆல்டோவின் 145 மில்லிமீட்டர் டயர் சிக்கனத்துக்காக வந்தது, மழைக்காலத்தில் ஞானியாகிவிட்டது.

பிடிமானக் கருவிகளைப் பொறுத்தவரை, பனிநாடுகளில் டயருக்குச் சங்கிலி கட்டுவார்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலையோரச் சேற்றில் சக்கரம் சுழன்றால் இங்கே பயன்படுவது ஒரு பழைய சாக்கு, ஒரு பலகை, ‘தம்பி, கொஞ்சம் தள்ளுப்பா’ என்ற குரல். இவை போதும்.

எந்தக் கருவிக்கும் கட்டுப்படாதது சுரங்கப்பாதை. பெருமழையில் துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கினால் அங்கே கேள்வி பிடிமானம் பற்றியது அல்ல, மிதப்பது பற்றியது. ஒரு அடித் தண்ணீரே சின்ன காரை மிதக்கவைத்துவிடும். அதற்கும் முன்பே காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விட்டால், சாவியைத் திருப்பிய மறுகணம் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குச் சாதாரணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்பே.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டிலும் மூழ்கிய கார்களிலிருந்து தென்சென்னை ஒரு முடிவுக்கு வந்தது: மழைக்காலப் பிடிமானம் என்பது டயர் விஷயமே அல்ல, நிறுத்துமிடத்தின் உயரம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டின. அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு பரவியது, காவல்துறை மறுத்தது. அறிவியல் வென்ற நாள் அது.

எந்த கார் வாங்கலாம் என்ற கேள்விக்கும் அந்த மேம்பாலமே பதில் தருகிறது. நாலரை மீட்டர் செடான்கள் பத்து நிற்கும் 45 மீட்டரில், 3.45 மீட்டர் நீளமுள்ள பழைய ஆல்டோ 800 பதின்மூன்று நிற்கும், பம்பரோடு பம்பர் ஒட்டி நிறுத்தினால். அப்படி நிறுத்தியவர்கள் மழை விட்டதும் காரை எப்படி வெளியே எடுப்பார்கள் என்பது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.