களியும் கௌரவமும்

கறி, மீனை விட்டு வெகுநாள் ஆகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் வீகன் ஆனதும், அவள் பேச்சைக் கேட்டுப் பால், தயிர், மோரையும் விட்டேன். ஐம்பதைத் தாண்டியவன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை இனி செடிகொடியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஊர் மூங்கில்துறைப்பட்டு. பக்கத்தில் தென்பெண்ணை ஓடுகிறது, தென்மேற்கே கல்வராயன் மலை. இங்கே இருந்துகொண்டு இதில் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு இருந்தது.

முதலில் சாமை. மலையிலிருந்து வரும் சாமை என்றாலே எனக்குப் பெருமை. காலையில் சாமை உப்புமா, மத்தியானம் சாமைச் சோறு. வீட்டுக்கு வந்தவர்களுக்கு, கேட்காமலே, சிறுதானியப் பிரசங்கம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையை மகள் போனில் அனுப்பினாள். 100 கிராம் சாமையில் கால்சியம் சுமார் 16 மில்லிகிராம். கேழ்வரகில் 364. ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மில்லிகிராம் என்று அதே நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. அப்படியானால் நான் தினமும் ஆறு கிலோவுக்கு மேல் சாமை தின்றிருக்க வேண்டும். பிரசங்கம் கேட்டவர்கள் யாரும் இதுவரை திரும்ப வரவில்லை.

கேழ்வரகை ஏன் தொடவில்லை என்று மகள் கேட்டாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அன்றாடம் களிதான், நெல்லுச்சோறு பண்டிகைக்கு. முதல் சம்பளம் வாங்கியதும் களி கிண்டும் துடுப்பை அடுப்பில் வைத்து எரித்தேன், அதுதான் என் புரட்சி. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழை மட்டும் இரண்டு சொம்பு குடிப்பேன். அம்மனுக்கு என்றால் பக்தி, அம்மா கிண்டினால் தரித்திரம்.

கீரையிலும் இதே புத்திதான். கொல்லையில் முருங்கை தழைத்து நிற்கிறது. ஆய்வதற்குச் சோம்பல்பட்டுக் கடையில் பாலக் வாங்கினேன். பாலக்கில் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் விடாமல் பிடித்துக்கொள்வதால் இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேருமாம். பாலிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேரும். சரி, அகத்தி வாங்கலாம் என்று சந்தையில் ஒரு கட்டை எடுத்தேன். “எத்தினி ஆடு வச்சிருக்கீங்க சார்?” என்றாள் கீரைக்காரம்மா. கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

எள்ளில் தோற்றது இன்னும் இனிமையானது. தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு 1200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எள்ளுப்பொடியாக இட்லிக்குத் தொட்டிருக்கலாம். கரும்பு ஊர்க்காரன் ஆயிற்றே, எள்ளுருண்டையாகத்தான் உள்ளே போனது. ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்று இருக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த மருத்துவர், இரண்டாவது ஆலையை நான் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். கூடவே வைட்டமின் டியும் குறைவு. அது இல்லாவிட்டால் தின்ற கால்சியத்தைக் குடல் சரியாக வாங்காது. “இந்த ஊர் வெயிலில் இருந்துகொண்டா?” என்றார். நான் நடைப்பயிற்சிக்குப் போவது விடியுமுன். பகலில் வெளியே போனால் குடை. வெயில் என்மேல் பட வழியே வைக்கவில்லை.

கடைசியில் கேழ்வரகு மாவு வாங்கி வந்தேன். துடுப்புதான் இல்லையே, குழம்புக் கரண்டியால் கிண்டினேன். கரண்டி வளைந்தது. களி கட்டி கட்டியாக வந்தது. பார்க்க வந்த அத்தை ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தார். எண்பதைத் தாண்டியவர், இன்றும் களை வெட்டப் போகிறவர்.

“உங்கம்மா கிண்டுன களி விரல்ல ஒட்டாது தெரியுமா?” என்றார். “துடுப்பு எங்கடா?”

உடைந்துவிட்டது என்று சொன்னேன்.