சீறும் கார்களால் என்ன பயன்?

கேள்வி: சனி, ஞாயிறு வந்தால் சென்னை ஸ்போர்ட்ஸ் கார்கள் ஈ.சி.ஆரில் எங்கள் ஊரைக் கடந்து புதுச்சேரிக்குப் பறக்கின்றன. இவற்றால் சமுதாயத்துக்கு ஏதாவது பயன் உண்டா?
- வாசகர் ஒருவர், கோட்டக்குப்பம்

பதில்: உங்கள் பைக்கில் டிஸ்க் பிரேக் இருக்கிறதா? 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை அந்த பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் அதை நம்ப ஆரம்பித்தது. வேகமாய் ஓடக் காசைக் கொட்டியவர்கள் நமக்குத் தந்தது நிற்கும் வித்தை!

கெடுதலா? பக்கத்து ஊரைக் கேளுங்கள். சொகுசு காருக்குக் கேரளத்தைவிடப் புதுச்சேரியில் சாலை வரி குறைவு. போலி முகவரி காட்டி அங்கே பதிவு செய்ததாக 2017இல் மலையாள நடிகர்கள் சிலர் மீது கேரள போலீஸ் வழக்கே போட்டது. கோடி ரூபாய்க்குக் கார் வாங்குகிறவருக்கும் வரி என்றால் கை நடுங்குகிறது. சச்சினுக்குப் பரிசாக வந்த ஃபெராரிக்கு 2003இல் சுங்க வரி விலக்கு என்றதும் எழுந்த கூச்சல் நினைவிருக்கிறதா? (கார் பந்தய வீரர் ஷூமாக்கர் சாவி கொடுத்தார்; ரசீது கொடுக்கவில்லை.) கடைசியில் வரியைப் பரிசளித்த கம்பெனியே கட்டியது.

மற்றபடி பொறாமை வேண்டாம். நாலு நொடியில் நூறைத் தொடும் வண்டியும் முத்தியால்பேட்டை நெரிசலில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால்தான்.