பணம் கப்பலேறும் முன்

சொகுசுக் கப்பல் பயணம் பற்றி வந்த கேள்விகளில் 'கடல் எப்படி இருக்கும், சாப்பாடு எப்படி இருக்கும்' என்பவற்றை ஒதுக்கிவிட்டேன். கட்டிய பணம் பற்றியவை மட்டும் இங்கே.

முன்பணம் எந்தக் கம்பெனியில் குறைவு?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

வங்கியில் இருந்தவர் கேட்கும் கேள்வியா இது! ராயல் கரீபியனில் ஏழு இரவுப் பயணத்துக்கு ஆளுக்கு 250 டாலர். டிஸ்னியில் மொத்தக் கட்டணத்தில் 20 சதவீதம். வைக்கிங் அவ்வப்போது '25 டாலர் போதும்' என்று விளம்பரம் போடும். அடடா என்று கட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினால், மீதி மொத்தத்தையும் மற்ற கம்பெனிகள் கேட்பதற்குப் பல மாதம் முன்பே கேட்டிருப்பார்கள். முன்பணம் திரும்புமா, மீதியை என்றைக்குள் கட்ட வேண்டும், அந்தத் தேதி தாண்டினால் எவ்வளவு வெட்டுவார்கள்: இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். 'எவ்வளவு' என்பதை நான்காவதாகக் கேட்டால் போதும்.

மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதி எல்லோருக்கும் ஒன்றுதானா?
இல்லத்தரசி, சேலம்

இல்லை, அங்கேதான் ஆட்டமே. அமெரிக்காவில் பதிவு செய்தால், ராயல் கரீபியனில் ஐந்து இரவும் அதற்கு மேலும் உள்ள பயணங்களுக்குப் புறப்பாட்டுக்கு 90 நாள் முன்பு; சின்னப் பயணமென்றால் 75 நாள். கார்னிவலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். நார்வீஜியன் 120 நாள் முன்பே கேட்கும். டிஸ்னியில் பெரிய சூட் அறை எடுத்தவர்கள் சாதாரண அறைக்காரர்களுக்கு முன்பே கட்டியாக வேண்டும். பணக்காரர்களை அங்கே யாரும் நம்புவதில்லை போலிருக்கிறது.

தேதியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ராயல் கரீபியன், ஏழு இரவு, அக்டோபர் 20 புறப்பாடு, இருவருக்குமாகக் கட்டணம் 2,400 டாலர், முன்பணம் திரும்பும் வகை. ஜூலை 22 வரை ரத்து செய்தால் ஒரு காசும் போகாது. ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 6 வரை கால்பங்கு, அதாவது 600 டாலர் போகும். ஆகஸ்ட் 7 முதல் 20 வரை பாதி, 1,200. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 19 வரை முக்கால், 1,800. செப்டம்பர் 20 முதல் முழுவதும் அவர்களுக்கே. ஆகஸ்ட் 20 இரவு 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்தவர், எழுந்திருக்கும்போது 600 டாலர் ஏழை.

இன்னொன்று. கம்பெனி சொல்லும் தேதி வேறு, உங்கள் ஏஜென்ட் சொல்லும் தேதி வேறு. ஏஜென்ட் சில நாள் முன்பே கேட்பார். அது அவருடைய பாதுகாப்புக்கு. ரத்து செய்யும்போதும் அப்படியே: கம்பெனிக்குத் தகவல் போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு, நீங்கள் ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பிய நேரம் இல்லை. சனிக்கிழமை ராத்திரி ரத்து செய்ய முடிவெடுப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

'நான்-ரீஃபண்டபிள்' என்று போட்டு விலை குறைத்துக் காட்டுகிறார்கள். எடுக்கலாமா?
ஐ.டி. ஊழியர், கோவை

உங்கள் மேனேஜரிடம் லீவு எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? ஆம் என்றால் எடுக்கலாம். 'சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்' என்றால் வேண்டாம்.

நான்-ரீஃபண்டபிள் என்றாலே மொத்தமும் கோவிந்தா என்று எண்ண வேண்டாம். ராயல் கரீபியனில் மீதிப் பணத் தேதிக்கு முன் ரத்து செய்தால் ஆளுக்கு 100 டாலர் கழித்துக்கொண்டு, மீதியைப் பிற்காலப் பயணத்துக்கான கிரெடிட்டாகத் தருவார்கள். 250 கட்டியிருந்தால் 150 நிற்கும், ஆனால் ரொக்கமாக அல்ல. மறுபடி அவர்கள் கப்பலிலேயே ஏற வேண்டும். கப்பலையோ தேதியையோ மாற்றினாலும் அதே 100. கார்னிவலின் 'ஏர்லி சேவர்' கட்டணத்திலும் இதே பாணி, கழிப்பது 50 டாலர். இரண்டு வகைக் கட்டணத்துக்கும் இடையிலான வித்தியாசம் இந்தக் கழிவைவிடக் குறைவாக இருந்தால் திரும்பும் வகையே லாபம். ராயல் கரீபியனில் கிராண்ட் சூட்டும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை; அவர்களுக்குத் திரும்பாத வகை மட்டும்தான்.

நிஜமாகவே கோவிந்தா ஆகும் வகையும் உண்டு. டிஸ்னியில் கடைசி நேரத்தில் மலிவாக வரும், கட்டுப்பாடுகள் கொண்ட சில அறைகளில் பதிவு செய்த நிமிடமே முழுப் பணமும் போனதுதான். எந்த அறை என்பதைக்கூட அவர்களே பிறகு சொல்வார்கள்.

அண்ணன் நியூ ஜெர்சியில், நான் லண்டனில். ஒரே கப்பலில் அடுத்தடுத்த அறை போட்டோம். அவருக்கு முன்பணம் திரும்புகிறது, எனக்குத் திரும்பாது என்கிறார்கள். இது என்ன நியாயம்?
வாசகி, ஹாரோ

நியாயம் இல்லை, சட்டம். கப்பல் ஒன்று என்றாலும் எந்த நாட்டுக் கிளையில் பதிவு செய்தீர்களோ அந்த நாட்டு ஒப்பந்தம்தான் செல்லும். பிரிட்டனில் முன்பணம் பொதுவாகத் திரும்பாது. அமெரிக்காவில் மீதிப் பணத் தேதி வரை பெரும்பாலும் திரும்பும். ஆனால் உடனே அண்ணனைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். விமானமும் கப்பலும் சேர்த்து வாங்கினாலும் சரி, கப்பல் மட்டும் வாங்கினாலும் சரி, பிரிட்டனின் 2018 பேக்கேஜ் பயண விதிகள் உங்கள் பக்கம் நிற்கும். கம்பெனி விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அபராதமின்றி விலகலாம். கம்பெனியே ரத்து செய்தால் 14 நாளுக்குள் பணம் வர வேண்டும். அண்ணனுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் அமெரிக்காவிலும் ஃபெடரல் மாரிடைம் கமிஷன் 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, கப்பல் ரத்தானாலோ புறப்பாடு மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போய் அவர் ஏற மறுத்தாலோ பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அடுத்த முறை அண்ணனையே உங்களுக்கும் சேர்த்துப் போடச் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். பல கம்பெனிகள் வசிக்கும் நாட்டைக் கேட்டுத்தான் விலையே சொல்லும். முகவரியை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

'ஒண்ணும் ஆகாது சார், கடைசி நேரத்திலகூட கேன்சல் பண்ணித் தரேன்' என்கிறார் ஏஜென்ட்.
வியாபாரி, மதுரை

அதையே மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் நல்ல ஏஜென்ட். 'நீங்க எங்களை நம்பலையா?' என்று கேட்டால், நம்பவில்லை என்று சொல்லிவிடுங்கள். கம்பெனி வெட்டுவது போக ஏஜென்சியும் தனியாக ரத்துக் கட்டணம் வைத்திருக்கலாம். அதை முன்பணம் கட்டும் நாளிலேயே கேளுங்கள்.

கடைசி நேரத்தில் நான் வராவிட்டால் என் அறையை வேறு யாருக்காவது விற்பார்கள்தானே? பிறகு எதற்கு முழுப் பணமும்?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

முகூர்த்த நாளில் நீங்கள் விட்ட மண்டபத்தை வேறொரு கல்யாணத்துக்குக் கொடுத்த மண்டபக்காரர், உங்கள் அட்வான்ஸைத் தேடி வந்து திருப்பித் தந்தாரா? அதே மண்டபக்காரர்தான், இவருக்குக் கடல் இருக்கிறது.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முழு அபராதக் காலத்தில் ரத்து செய்தாலும், ஏறாமலே விட்டாலும், துறைமுக வரியும் கட்டணங்களும் பெரும்பாலான கம்பெனிகளில் திரும்பி வரும். தானாக வரவில்லையென்றால் கேளுங்கள்.

நானும் மைத்துனரும் ஒரே கேபின். அவரால் வர முடியாது போலிருக்கிறது. அவரை மட்டும் நீக்கிவிடலாமா?
அரசு ஊழியர், பாளையங்கோட்டை

அவசரப்பட்டு நீக்காதீர்கள். கப்பல் அறைக் கட்டணம் இருவர் என்ற கணக்கில்தான் போடப்படுகிறது. அவர் பெயரை நீக்கினால் உங்களைத் 'தனி ஆள்' ஆக்கி, அவர் பங்கையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அதோடு அவருக்கான அபராதம் வேறு. முதலில் கேட்க வேண்டியது பெயர் மாற்றம். அறையில் பதிவான ஒருவராவது நிலைத்தால் மற்றவர் பெயரை மாற்றப் பல கம்பெனிகள் விடுகின்றன. மைத்துனருக்குப் பதில் சகலை.

அதற்கும் ஆளில்லை, அபராதக் காலமும் தொடங்கிவிட்டது என்றால், பழகியவர்கள் செய்வது வேறு: ரத்தே செய்வதில்லை. மைத்துனர் அன்றைக்குத் துறைமுகத்துக்கு வரமாட்டார், அவ்வளவுதான். அவருடைய துறைமுக வரி திரும்பும், உங்கள் கட்டணம் மாறாது, அறை முழுக்க உங்களுக்கு. கம்பெனிக்குப் போன் செய்து 'அவர் வரவில்லை' என்று சொல்வதற்கு முன் இதை ஏஜென்ட்டிடம் பேசிவிடுங்கள். நேர்மையாக இருக்கிறேன் என்று போன் செய்து அதிகம் கட்டியவர்கள் உண்டு.

கம்பெனியே பயணத்தை ரத்து செய்தால்?
வாசகர், சிங்கப்பூர்

அப்போது பணம் உங்களுடையது. 'கிரெடிட்டாக வாங்கிக்கொள்ளுங்களேன்' என்று குழைவார்கள். 2020-ல் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்றவை ரொக்கம் கேட்டால் 100 சதவீதம், கிரெடிட் என்றால் 125 சதவீதம் என்றன. கம்பெனி உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் 125 நல்ல பேரம்.

நம்பிக்கை பொய்த்ததும் உண்டு, உங்கள் ஊர்க்காரருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரிலிருந்து கப்பல் விட்ட ட்ரீம் க்ரூஸஸின் தாய் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு மனு போட்டது. அதே குழுமத்தின் கிரிஸ்டல் சிம்பொனி கப்பல், எரிபொருள் பாக்கிக்காக அமெரிக்க நீதிமன்றம் பிடி உத்தரவு போட்டதால், மயாமிக்கு வர வேண்டிய பயணிகளை ஏற்றிக்கொண்டு பஹாமாஸ் பக்கம் போய் நின்றது. அடுத்த ஆண்டு வேறொரு கம்பெனி 'லைஃப் அட் சீ' என்று மூன்றாண்டு உலகப் பயணம் விற்றது. பயணிகள் பணம் கட்டினார்கள், சிலர் வீட்டையே காலி செய்தார்கள். 2023 நவம்பரில் பயணம் ரத்து. காரணம், கம்பெனியிடம் கப்பலே இல்லை. ரீஃபண்டைத் தவணையில் தருவதாகச் சொன்னார்கள். பணம் கட்டும் முன் கப்பலின் பெயரைக் கேட்பது அவமரியாதை இல்லை.

சொன்ன துறைமுகத்துக்குப் போகாமல் விட்டால் பணம் கிடைக்குமா?
ஆசிரியை, புதுச்சேரி

உங்கள் ஊரையே உதாரணமாகச் சொல்லலாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியாவின் எம்ப்ரெஸ் கப்பலுக்குப் புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்கவில்லை. பொதுவாகக் கப்பல் ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும், துறைமுகத்தை மாற்றவோ விடவோ கேப்டனுக்கு உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தத் துறைமுகத்துக்கான கட்டணம் வரலாம். மற்றபடி கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் போட்டால் எல்லாம் திரும்புமா?
மருந்துக்கடைக்காரர், ஈரோடு

பாலிசியில் பட்டியலிட்ட காரணத்துக்கு மட்டும் திரும்பும். 'மனசு சரியில்லை' அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற வகை உண்டு. முதல் முன்பணம் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும், பெரும்பாலும் 75 சதவீதம்தான் தரும், புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாக ரத்து செய்திருக்கவும் வேண்டும். கம்பெனிகள் விற்கும் காப்பீட்டில் இதே சலுகை கிரெடிட்டாக வரும். ராயல் கரீபியனில் 90 சதவீதம் வரை.

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது விசாவில். விசா மறுக்கப்பட்டால் கப்பல் கம்பெனி இரங்காது, பல பாலிசிகளும் இரங்காது. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணமென்றால், நடுவில் நாட்டை விட்டு வெளியே போய் வருகிறீர்கள். பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.

முழு ரீஃபண்ட் என்றார்கள். கணக்கில் பார்த்தால் குறைகிறது!
பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்

டாலரோடு புரளும் நீங்களா கேட்பது! டாலரில் முழுசாகத்தான் வந்திருக்கும். நீங்கள் கட்டிய அன்றைய மாற்று விகிதம் வேறு, திரும்பிய அன்றையது வேறு. கார்டுக்காரர் எடுத்த அந்நியச் செலாவணிக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. இந்திய ஏஜென்ட் வழியாகப் போட்டிருந்தால் டிசிஎஸ் வரி பிடித்திருப்பார். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். ஆடிட்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

பதிவு செய்த பிறகு விலை குறைந்தால் சொல்வார்களா?
வாசகர், தாம்பரம்

மாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும். மீதிப் பணத் தேதிக்கு முன் கேட்டால் அமெரிக்கப் பதிவுகளில் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். பிறகு கேட்டால் புன்னகை தருவார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கம்பெனியில் போடலாம்?
பொறுமையிழந்த வாசகர், திருவண்ணாமலை

லீவு உறுதியில்லாதவர், வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்: 120 நாள் கம்பெனியும் வேண்டாம், திரும்பாத முன்பணமும் வேண்டாம். 90 நாள் கம்பெனியில் திரும்பும் வகை, சாதாரண அறை. தேதி கல்லில் எழுதியது என்பவர் எதையும் எடுக்கலாம், மலிவானதை எடுங்கள். இங்கே சொன்ன எண்களைக் கம்பெனிகள் நினைத்தபோது மாற்றும். பதிவு செய்த அன்று உங்கள் உறுதிச் சீட்டில் அச்சான தேதிகள்தான் செல்லும். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.