ஏற்புரையில் யாரை நினைவுகூரலாம்? ஓய்வு பெறுவோர்க்குச் சில யோசனைகள்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறுவது மாதத்தின் கடைசி நாளில். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரிவில் வேலை ஓடாது. மேசைகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டுவிடுவார்கள். எங்கிருந்தோ ஒரு மைக்கும் வந்துவிடும். எல்லோரும் உங்களைப் பாராட்டி முடித்த பிறகு மைக் உங்கள் கைக்கு வரும். அதற்கு ஏற்புரை என்று பெயர். உங்களை உருவாக்கியவர்கள் என்று நாலு பேரையாவது அதில் சொல்லியாக வேண்டும். யாரைச் சொல்வது, யாரை விடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி.

1. பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்காதீர்கள்

உங்கள் உத்தியோகத்தை முதலில் தீர்மானித்தவர் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். விரல் எட்டியது. உடனே ஜூன் மாதத்தில் தமக்குத் தோன்றிய ஒரு தேதியைப் பிறந்த தேதியாக எழுதிக்கொண்டார். அது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போய், பணிப்பதிவேட்டில் ஏறி, இன்று உங்களை மாலையோடு உட்கார வைத்திருக்கிறது. ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்திய அரசாணைகளுக்கு நன்றி சொல்வோர் உண்டு. காதைத் தொடச் சொன்னவருக்கு யாரும் சொல்வதில்லை. நீங்களும் மரபை மீற வேண்டாம்.

2. மேடையைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள்

முன்வரிசையில் யார் இருக்கிறாரோ அவரே உங்களை உருவாக்கியவர். அவர் இந்த அலுவலகத்துக்கு மாறுதலில் வந்து மூன்று மாதம்தான் ஆகிறதா? “குறுகிய காலமே பழகினாலும்” என்று ஆரம்பியுங்கள். அவரிடம் நீங்கள் ஒரு வரிகூடக் கற்றதில்லை என்றாலும் பாதகமில்லை. உங்கள் பென்ஷன் பிரபோசல் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.

3. திட்டியவரைப் பக்குவமாகச் சொல்லுங்கள்

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சூப்பிரண்டு இருந்திருப்பார். நீங்கள் எழுதிய கடிதத்தில் ‘பார்வை’ என்ற இடத்தில் மூன்றாவதாக வர வேண்டியது முதலாவதாக வந்திருந்தது. கோப்பை மேசைமேல் பொத்தென்று போட்டு, “படிக்கிறவனுக்கு எது முந்தி எது பிந்தின்னு தெரிய வேண்டாமாய்யா?” என்றார். அன்றோடு சரி. அதன் பிறகு நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் தேதி வரிசை பிசகியதில்லை. மேடையில் இதையெல்லாம் விவரிக்கக் கூடாது. “கண்டிப்பானவர், ஆனால் குழந்தை மனசு” என்று முடித்துக்கொள்ளுங்கள். அவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்று சொன்னால், அதுவரை உங்களுக்கு அது தெரியாது என்பதும் சபைக்குத் தெரிந்துவிடும்.

4. பதிவறைப் பக்கம் போகவே போகாதீர்கள்

ஆபத்தான இடம் இதுதான். இங்கே நுழைந்தால் பேச்சு முடியாது.

பழைய கோப்புக் கட்டைப் பிரிக்கப் போன உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியவர் ரெக்கார்டு கிளார்க். “முதல்ல முடிச்சு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க தம்பி. திரும்ப அப்படியே கட்டணும்” என்றார். டேக் கோக்கும் துளையை ஓரத்தில் போட்டால் தாள் கிழியும், தள்ளிப் போட்டால் எழுத்தை மறைக்கும் என்று காட்டினார். பத்து வருஷத்துக்கு முந்தைய கோப்பை எண்ணே சொல்லாமல் விஷயத்தைச் சொன்னால் எடுத்துத் தருவார். உங்களுக்கு வந்த நல்ல பெயரில் பாதி அவர் எடுத்துத் தந்தது.

டைப்பிஸ்ட் அம்மாவோ “ஆணையிட படுகிறது” என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை, “ஆணையிடப்படுகிறது” என்று அடித்துத் தந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கார்பன் வைத்த நாலு பிரதியிலும் உங்கள் தமிழ் திருந்தியிருந்தது. இன்று அலுவலகத்தில் “சார் டிராஃப்ட் போட்டால் கை வைக்க முடியாது” என்கிறார்களே, அந்தப் பாராட்டைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கம் வேண்டாம்.

அதிகாரியின் அறை வாசலில் நின்ற அலுவலக உதவியாளர், “ஐயா இப்ப சரியில்ல, நாளைக்குக் காலையில கொண்டு போங்க” என்று சொல்லி எத்தனை கோப்புகளைக் காப்பாற்றினார்! பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் இதற்குப் பாடம் கிடையாது. ஆனால் இவர்கள் யாரும் மேடையில் இல்லை. ஆகவே விதி 2-இன்படி உங்களை உருவாக்கவில்லை.

5. உ.வே.சா.வைப் பின்பற்றாதீர்கள்

நன்றி சொல்வதில் அளவு தெரியாதவர் உ.வே.சாமிநாதையர். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானது 1876-இல். ஒரு இரங்கற் கூட்டத்தோடு விட்டிருக்கலாம். எண்பதை நெருங்கும் வயதில், 1933, 1934 ஆண்டுகளில், இரண்டு பாகமாக அவர் சரித்திரத்தை எழுதினார். கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் தாம் ஓய்வு பெறும்போது அந்த வேலையை இவருக்கு வாங்கிக் கொடுத்தவர் தியாகராச செட்டியார். அந்த நன்றிக்கு உ.வே.சா. தம் திருவல்லிக்கேணி வீட்டுக்கே ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் இவர் அடுக்க, வேலையில் சேர்ந்த அதே 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப் அதில் அசராமல், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தவர் அந்தச் சந்திப்பை மூடி மறைத்திருக்கலாம். ஊரே படிக்க ஆனந்த விகடனில் எழுதினார். அந்த ‘என் சரித்திரம்’, 1942-இல் அவர் மறைந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. கண்டவர்களையெல்லாம் நினைவுகூர்ந்தால் சொந்தக் கதைக்கு இடம் இருக்காது. உங்களுக்குக் கிடைப்பதோ பத்து நிமிஷம்.

6. கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்

“நேரமின்மை காரணமாக யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்.” இதைச் சொல்லிவிட்டால் ரெக்கார்டு கிளார்க், டைப்பிஸ்ட், சூப்பிரண்டு, தலைமையாசிரியர் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். ஏற்புரையில் உண்மையான நன்றி உள்ள வாக்கியமும் அது ஒன்றுதான்.

போகிற போக்கில் இந்த யோசனைகளை, பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளநிலை உதவியாளருக்கும் சொல்லிவைக்கலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அவருக்கு டேக் கோக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அவர் ஏற்புரையில் விடுபடப் போகும் பெயர் உங்களுடையது.