துப்பாக்கிக்கு எண்ணெய்க் காப்பு

தேர்தல் முடிந்து, வாக்குகள் எண்ணப்பட்டு, வென்றவர்கள் பட்டாசு வெடித்தும் தோற்றவர்கள் இயந்திரத்தைப் பழித்தும் ஓய்ந்த பிறகு, நடத்தை விதிகளை முன்னிட்டுக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த என் பாட்டாவின் துப்பாக்கியை மீட்கச் சென்ற வாரம் போயிருந்தேன். பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு உறையை அவிழ்த்துப் பார்த்தால், பாட்டாவும் என் தகப்பனாரும் நானுமாக மூன்று தலைமுறையாக ஆளிவிதை எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கருஞ்சிவப்பாக்கி வைத்திருந்த அதன் வால்நட் கட்டையின்மேல், வெள்ளை எனாமல் பெயிண்டில், நாலு விரல் உயரத்துக்கு, 17 என்று எழுதியிருந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்த என்னை, அங்கிருந்த இளைஞர் மிக மரியாதையாகவே சமாதானப்படுத்தினார்: “சாரே, நம்பர் போடலைன்னா பெறவு ஆருக்கது எதுன்னு எப்பிடித் தெரியும்?”

நியாயமான கேள்விதான். ஆனாலும் பர்மிங்காம் தொழிற்சாலையார் இரும்பில் குத்தி அனுப்பிய எண் ஒன்று, லைசென்ஸ் புத்தகத்தின் எண் ஒன்று, மத்திய உள்துறையின் கணினிப் பட்டியலில் அடியேனுக்கு வழங்கப்பட்டிருக்கும் நீண்ட எண் ஒன்று என்று ஏற்கெனவே மூன்று எண்களைச் சுமந்துகொண்டு, இத்தனை வருஷங்களாக ஒரு காக்கையையும் பயமுறுத்தியிராத ஒரு விருத்தாப்பிய ஆயுதத்தை, அதற்கு நான்காவது எண்ணும் வேண்டும் என்று பெயிண்ட் டப்பாவோடு அணுகிய அந்தக் கைக்கு, வாழ்நாளில் ஒருமுறையாவது சொந்தமாக ஒரு மரச்சாமான் வாய்க்கவேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

போகட்டும். பழைய போல்ட் துப்பாக்கியால் குறி தவறாமல் சுடுவதற்கு என் பாட்டா கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு சூட்சுமத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்றே இதை எழுத உட்கார்ந்தேன். அதைச் சொல்வதற்கு முன் துப்பாக்கியின் பூர்வ சரித்திரத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்கே திருப்தி ஏற்படாது என்பதை நான் அறிவேன். இது .315 விட்டமுள்ள பி.எஸ்.ஏ.; நம்மவர் வாக்கில் எட்டு எம்.எம். வெள்ளைக்காரச் சர்க்காருக்குத் தன் சேனையின் .303 தோட்டா குடிமக்கள் கையில் சிக்கிவிடுமோ என்ற அச்சம் இருந்தபடியால், இராணுவத் தோட்டா ஏற்கும் துப்பாக்கியை நம்மவர் வைத்துக்கொள்வதைத் தடுத்துவிட்டது. வியாபாரத்தை விட மனமில்லாத ஆங்கிலேயக் கம்பெனிகளோ, ஸ்காத்லாந்தில் பிறந்து கானடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த பொறியமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, குழலை மட்டும் .315க்கு மாற்றி இந்தியாவுக்கு அனுப்பிவைத்தன. அந்தத் தோட்டா யாருடையது என்று விசாரித்தால், முதல் மகாயுத்தத்தில் ஆஸ்திரிய–ஹங்கேரியச் சக்கரவர்த்தியின் சிப்பாய்கள் மான்லிக்கர் துப்பாக்கியில் இட்டுச் சுட்ட அதே தோட்டா. 1918இல் சாம்ராஜ்யம் கலைந்தது. பின்னர் ஆஸ்திரியாவே தன் சேனைக்கு வேறு தோட்டா தேடிக்கொண்டது. சுதந்திர பாரதம் மட்டும் இச்சாப்பூரில் துப்பாக்கியும் கிர்க்கியில் தோட்டாவுமாக அந்தப் பரம்பரையை விடாமல் காப்பாற்றி வந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவின் சர்க்கார் கொடுத்த லைசென்சோடு எங்கள் வீட்டுச் சுவரில் ஏறிய இந்தத் துப்பாக்கி, 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, ஆணியிலிருந்து ஓர் அங்குலமும் அசையாமல் ராஜ்யம் மாறியது என்பதையும் சந்தடி சாக்கில் சொல்லிவைக்கிறேன்.

இனி இது யாருக்கு? லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, ஆயுதத்தை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பெருந்தன்மையோடு அனுமதிக்கின்றன. பெங்களூரில் இருக்கும் என் மகன், “எனக்கு எதுக்குப்பா? ஃபிளாட்டுல வைக்க எடமில்ல” என்கிறான். என் தங்கை மகனோ அதைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே மாதந்தோறும் பூதப்பாண்டியிலிருந்து வந்து, நான் உறையைக் கழற்றும்வரை காப்பிகூடக் குடிக்காமல் காத்திருக்கிறான். 1926இல் திருவிதாங்கூர்ச் சர்க்கார் சட்டம் இயற்றி நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைக் கலைக்காமல் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே எழுந்திராது. கவிமணி எழுதிய மான்மியத்தைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்றாலும், இந்த ஒரு சொத்தின் விஷயத்தில் மட்டும் பழைய வழக்கமே மேல் என்று படுகிறது.

மௌசரா லீயா என்ற விவாதத்துக்குள் இன்று நான் புகப்போவதில்லை. 1898ஆம் ஆண்டு மௌசர், போல்ட்டைத் திறக்கும்போதே ஊசிவில்லை இழுத்து வைத்துவிடுகிறது. லீயோ மூடித் தள்ளும்போதுதான் இழுக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை முன்னிட்டு நானும் என் அத்தானும் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் ஆறிப்போகும்வரை வாதாடி, அவர் தம்முடைய 7 மில்லிமீட்டர் மௌசரின் சார்பில், ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்த ரிக்பியைச் சாட்சிக்கு அழைத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கார்பெட்டின் துப்பாக்கி சம்பாவத்தில் நரமாமிசம் தின்ற புலியைச் சுட்டவருக்குக் கிடைத்தது. அத்தானுடைய துப்பாக்கி சுட்டது ஒரு தென்னை மடலை.

எண்ணெய்க்கு வருகிறேன். நமக்கெல்லாம் சனிக்கிழமை என்றால் என்ன வேலை என்று சொல்லத் தேவையில்லை. வீட்டு ஆண்பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைக்கிறார்களோ இல்லையோ, பீரோவைத் திறந்து, கோயிலில் மூலவருக்குச் செய்யும் சிரத்தையோடு, துப்பாக்கிக்கு எண்ணெய்க் காப்பு நடத்தாவிட்டால் அன்றைய சோறு இறங்குவதில்லை. எந்த எண்ணெய் என்பதில்தான் அபிப்பிராய பேதம். என் தகப்பனார் காலத்தில் ரங்கூன் எண்ணெய் என்று ஒன்று இருந்தது. பர்மாவின் மண்ணிலிருந்து எடுத்துத் தகர டப்பாவில் வந்த அது தீர்ந்த நாளிலிருந்து துப்பாக்கிகளுக்குச் சுபிட்சம் இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். பிறகு வந்தது தேங்காய் எண்ணெய் யுகம். நம் ஊரில் தேங்காய் எண்ணெயால் தீராத வியாதி இல்லை என்ற நம்பிக்கையில் பூசினால், இரண்டே மாதத்தில் காறல் நெடி கிளம்பி, கரப்பானும் எறும்பும் குழலுக்குள் குடித்தனம் தொடங்கும், போதாக்குறைக்கு, “அவியலுக்கு வெச்சிருந்த எண்ணெய எங்கே?” என்று அடுக்களையிலிருந்து விசாரணையும் எழும். நல்லெண்ணெய் பூசியவர் கதி இன்னும் பரிதாபம்: மழைக்காலம் முடிவதற்குள் அது பிசினாக இறுகிப்போய், போல்ட்டைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

முட்டம் பக்கத்து நண்பர் ஒருவர் புன்னை எண்ணெய்க் கட்சி. கடலில் கிடக்கும் வள்ளத்தையே காப்பாற்றுகிற எண்ணெய் ஒரு முழ இரும்புக் குழலைக் காப்பாற்றாதா என்பது அவர் வாதம். தர்க்கத்தில் பிழை இல்லை, வாசனையில் உண்டு. தையல் மெஷின் எண்ணெய் போடுகிறவர்கள் நாகரிகமானவர்கள், ஆனால் அந்த நீர்த்த திரவம் இரும்பில் நில்லாமல் வழிந்து கட்டைக்குள் இறங்கி, மரத்தைக் கறுப்பாக்கி உளுக்கச் செய்துவிடும் என்பதால், துப்பாக்கியை வாய் தரையைப் பார்க்கத் தலைகீழாக நிறுத்தவேண்டும், அப்படி நிறுத்தினால், வந்தவர் எல்லாரும் “ஏன் தலைகீழாக நிற்கிறது?” என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அவர்கள் வந்த காரியம் மறந்துபோகும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா ஒருவர் கியர் ஆயிலைச் சிபாரிசு செய்தார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை. எண்ணெய் எது என்று முடிவானாலும் அளவு எவ்வளவு என்ற வழக்கு தீராது: ஒரு துளி போதும், கண்ணுக்குத் தெரிந்தாலே அதிகம் என்பவர்கள் ஒரு மதம், ஊறவேண்டும் என்பவர்கள் மற்றொரு மதம். துணியிலும் கட்சி உண்டு. நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றில் கோத்து இழுப்பதற்குப் புது ஃபிளானலே உத்தமம் என்று அத்தானும், நாலு வருஷம் உடுத்துத் துவைத்த நேரியதற்கு ஈடில்லை என்று நானும். இரண்டு பருவமழையும் பெய்து, மழை ஓய்ந்த நாளில் உப்புக் காற்றும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் முறைவைத்து வீசும் இந்தச் சீமையில், இத்தனை சாஸ்திரமும் அனுஷ்டித்த பிறகு திங்கட்கிழமை பார்த்தால், போல்ட்டின் கைப்பிடிக்கு அடியில், ஒரு கடுகளவு, துரு!

சுடுவது எப்போது என்று கேட்பீர்கள். பழைய தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சுட்டவுடன் அது குழலுக்குள் உப்பாகப் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை விருந்துக்கு அழைக்கும். மேலே சொன்ன எந்த எண்ணெயும் அந்த உப்பைக் கரைக்காது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றித்தான் கழுவவேண்டும். ஒரு தோட்டா சுடுவதற்கு ஒரு நொடி. கழுவித் துடைத்துக் காயவைத்து மறுபடி எண்ணெயிட ஒரு சாயங்காலம். சுடாமலே இருப்பதுதான் துப்பாக்கிக்குச் செய்யும் மிகப் பெரிய உபகாரம் என்ற முடிவுக்கு நம்மைப் போன்ற யோக்கியர்கள் வந்ததில் வியப்பில்லை. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் துக்கம் அனுஷ்டிக்கவில்லை.

ஆனாலும் ஊரார் விடுவதாயில்லை. துப்பாக்கி திரும்பி வந்த செய்தி பரவிய மறுநாள், அழகியபாண்டியபுரத்துக்கு மேற்கே மரச்சீனி போட்டிருக்கும் ஒருவர், இரவு பன்றிக்கூட்டம் வந்து ஒரு மூடு விடாமல் கிளறிப்போட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். 2025 ஜனவரியில் நம் சர்க்கார் அறிவித்த ஏற்பாட்டை அவருக்கு விளக்கினேன்: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையார் மட்டுமே சுடலாம். கேரளத்திலோ 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிட்டு, லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு சுடவைக்கிறார்.

அவர் நெடுநேரம் யோசித்தார். “அப்பம் இந்தப் பன்னிகள நாம களியக்காவிளைக்கு அங்கோட்டு பத்திவிட்டா, சாரு வந்து சுடலாமா?”

என் லைசென்ஸ் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்றேன்.

“பன்னிக்கு அது வேண்டாம், இல்லியா சாரே?” என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்து முடித்து, உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.