வமிசாவளிப் புலவர்

காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயிலில் ஏறி, 'ஆரணி ரோடு' என்று பலகை மாட்டிய ஸ்டேஷனில் இறங்குவீர்களானால், நீங்கள் இறங்கிய இடம் ஆரணியன்று, களம்பூர். தன் மண்ணில் நிற்கும் ஸ்டேஷனையே அயலூரின் பெயருக்குத் தாரை வார்த்துவிட்டு, நெல் அவித்தும் பட்டு நெய்தும் ஜீவனம் செய்துவரும் இவ்வூரில், 'நாங்கள் இன்னார்' என்று நாலு பேர் அறியச் சொல்லிக்கொள்ளும் தாகம் சிலருக்குச் சற்று அதிகமாகவே இருப்பதில் ஆச்சரியமில்லை. அந்தத் தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கும் தர்மவான்தான் நம் வமிசாவளிப் புலவர்.

முழங்காலைத் தொடும் கதர் ஜிப்பா, மூக்கின் நுனியில் கண்ணாடி, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை; அந்தப் பைக்குள் பூதக்கண்ணாடி ஒன்றும், யார் யாருடைய தாய்ப்பத்திர நகல்களோ ஒரு கட்டும். பூர்வாசிரமத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். பிறர் சொத்துக்கு மூலம் தேடித் தேடி, கடைசியில் பிறருக்கே மூலம் தேடும் நிலைக்கு உயர்ந்துவிட்டார். கடன்பட்டவன் வாசற்படியை அவர் மிதித்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டுக்கு மாடி எழும்பி, வாசலில் கார் வந்து நின்று, பெண்ணுக்குப் பெரிய இடத்தில் வரன் பார்க்கும் சுபயோக சுபதினத்தில்தான், 'எல்லாம் சம்பாதித்துவிட்டீர்கள், முன்னோர்களைத்தான் இன்னும் சம்பாதிக்கவில்லை' என்ற முகபாவத்தோடு திண்ணையில் வந்து அமருவார்.

தம் தொழிலின் பிராசீனத்தைப் பற்றி யாரேனும் சந்தேகித்தால் அவருக்குப் பொறுக்காது. "சரபோஜி மகாராஜா 1803-இல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலே தம் போன்ஸ்லே வமிசத்தின் சரித்திரத்தை மராத்தியில் வெட்டிவைக்கவில்லையா? ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் யாத்திரை வருகிற குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டில் பதிந்து வைக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டு, விக்கிரமன் முதலாக மூன்று சோழர்களின் அவையில் வீற்றிருந்த ஒட்டக்கூத்தரிடம் வந்து நிற்பார். நெசவுக் குலத்தாரான செங்குந்தர் தங்கள் குலப் பெருமையைப் பாடக் கேட்டபோது அவர் தலைப்பிள்ளைகளின் தலைகளையே கூலியாகக் கேட்டு ஈட்டியெழுபது பாடினார் என்றும், பின்னர் எழுப்பெழுபது பாடி அத்தலைகளை ஒட்டவைத்தார் என்றும் வழங்கும் ஐதீகத்தை உருக்கமாகச் சொல்லி முடித்து, "அடியேன் அவ்வளவு கொடியவன் அல்லேன், தலையைக் கேட்பதில்லை, தலைமுறைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவது" என்பார்.

வில்லங்கச் சான்றில் தொடங்கித் தாய்ப்பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று கண்டிருப்பதைப் பற்றிக்கொண்டு, இரண்டு மூன்று தலைமுறை நேர்மையாகவே ஏறுவார். அதுவரையில் அவர் சரித்திரக்காரர். பத்திரம் தீர்ந்த இடத்திலிருந்து கவி. பாட்டன் பெயரைப் பேரனுக்குச் சூட்டும் நம்மவர் வழக்கம் அவருக்குக் காமதேனுவாக வாய்த்திருக்கிறது: முருகேசன் மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் முருகேசன் என்று இரண்டே பெயர்களை ஏணியின் இரு கால்களாக நாட்டிக்கொண்டு, முதலாளியின் பணப்பை தாங்குமட்டும் ஏறி, சோழன் சபை வாசலில் போய்த்தான் மூச்சு வாங்குவார்.

ஒரு பட்டு முதலாளியின் வீட்டில் அவ்வாறு இருபத்துநான்கு தலைமுறை ஏறி, அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு முன் உரத்துப் படித்துக்கொண்டிருந்தார். கூடத்தின் மூலையில், மகன் எவ்வளவு சொல்லியும் கேளாமல் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிற தறியின் பக்கத்தில், எண்பது கடந்த தகப்பனார், அறுத்தெடுத்த பழைய பாவின் முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே சொன்னார்:

"புலவரே, எங்க தாத்தா சுவீகாரம் வந்தவருங்க. பெத்தவங்க யாருன்னு அவருக்கே தெரியாது. பாவு பிணைக்கிறப்போ ஒரு இழை மாறினா, புடவை முழுக்கக் கோடு ஓடும். நீங்க சோழ ராஜா வரைக்கும் ஓட்டிட்டீங்களே!"

முதலாளியின் முகம் சாயம் போன பட்டாயிற்று. பெரியவரோ அடுத்த இழையைத் தேடிக்கொண்டிருந்தார். புலவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாவில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எதிர்பாராத பொக்கிஷம் கிடைத்தவரைப் போல் மலர்ந்தார்.

"ஆஹா! சுவீகாரமா? இதை முன்னமே சொல்ல வேண்டாமா? அப்படியானால் ஐயாவுக்குக் கொண்ட வமிசம் ஒன்று, பெற்ற வமிசம் ஒன்று, ஆக இரண்டு. இன்னும் இருபத்துநான்கு தலைமுறை பாக்கி இருக்கிறதே!"

முதலாளி ஒரு கணம் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பணப்பெட்டியைத் திறந்தார்.